டேரில் தின்ற ஈரல்

காலையில் படுக்கை விரிப்பை உதறியபோது டேரிலின் தோல் வெங்காயச் சருகு மாதிரி தரையெல்லாம் கொட்டியது. லொரேன் முகத்தைச் சுளித்துக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள். முப்பத்திரண்டு வருடம் கூடப் படுத்தவள்; அவன் குறட்டையையும் ஏப்பத்தையும் சகித்தவள். இதைச் சகிக்க முடியவில்லை.

பிராண்டன் நகரில் தபால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், ஓய்வு பெற்றதும் கணினி முன்னால் உட்கார்ந்தான். சட்டை போடாத ஒருவன் அதில் பச்சை ஈரலைக் கடித்துக்கொண்டே, ஆண்மைக்கு இதுதான் மருந்து என்று கத்தினான். மறுநாளே டேரில் பண்ணைக்குப் போய் ஒரு பெட்டி மாட்டு ஈரல் வாங்கி வந்துவிட்டான். தினமும் அரை ராத்தல், பச்சையாக. அதன் மேல் மீன் ஈரல் எண்ணெய். அதுவும் போதாதென்று வைட்டமின் ஏ மாத்திரை. பல்லிடுக்கில் ரத்தம் தெரிய அவன் சிரிக்கும்போது, லொரேன் காப்பியை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போய்விடுவாள்.

நாலு மாதத்தில் உதடு வெடித்தது. புருவம் உதிர்ந்தது. தலைவலியில் சுவரில் முட்டிக்கொண்டான்.

"உடம்புல இருக்கிற நஞ்சு வெளியேறுது, லொரேன்."

"நீதான்யா துண்டு துண்டா வெளியேறிக்கிட்டிருக்க. வாக்குவம் கிளீனரைத் திறந்து பாரு, பாதிப் புருஷன் அதுக்குள்ள கிடக்கான்."

அன்று மாலையே அவனுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வாந்தியும் சேர்ந்துகொள்ளவே, அவள் அவனைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

டாக்டர் மக்லீன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வைட்டமின் ஏ அளவு மீறிப் போயிருக்கு. கேரட் தின்னா உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் வைட்டமினா மாத்திக்கும். ஈரல்ல இருக்கிறது ஏற்கெனவே மாறின சரக்கு. உள்ள போனது சுலபமா வெளிய வராது, உங்க ஈரல்லயே தங்கிடும். இடம் நிறைஞ்சா தோல், எலும்பு, மூளைன்னு எல்லாத்தையும் பிடிக்கும். வீட்டுல வேற யாராவது சாப்பிடுறாங்களா?"

டேரில் தரையைப் பார்த்தான். "கெண்ட்ராவுக்கு... ஈரலைக் காயவச்சுப் பொடி பண்ணிக் குடுத்தேன். மாத்திரையும் கலந்து. பிள்ளைக்கு நல்லதுன்னுதான்."

அவர்கள் மகள் கெண்ட்ரா பதினோரு வாரக் கர்ப்பிணி.

"முதல் மூணு மாசம்தான் கருவுல முகமும் இதயமும் உருவாகுற நேரம்," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "எந்த உறுப்பு எங்க வரணும்னு சொல்றதுல இந்தச் சத்துக்கும் பங்கு இருக்கு. அளவு மீறினா எல்லாம் கோணலாயிடும். உடனே கூப்பிடுங்க."

லொரேன் நடைவழிக்கு வந்து போன் செய்தாள்.

"ஐயோ, அதையா?" என்றாள் கெண்ட்ரா. "மூடியைத் திறந்தாலே நனைஞ்ச நாய் நாத்தம். நாலு டப்பாவையும் கழிப்பறையில கொட்டிட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அவர்தான் சத்தியம் வாங்கினாரு."

லொரேன் சுவரில் சாய்ந்து அழுதாள். உள்ளே திரும்பியபோது டேரில் கையை நீட்டினான். அவள் தொடவில்லை.

சந்தேகத்துக்குச் செய்த பரிசோதனையில் கெண்ட்ராவுக்கு ஒரு குறையும் இல்லை. ஈரலை விட்ட டேரிலுக்குப் புருவம் முளைப்பதற்குள் வசந்தம் வந்துவிட்டது. தோல் பளபளப்பாக ஒட்டிக்கொண்டது. ஆனாலும் லொரேன் மாடி அறையில்தான் படுக்கிறாள். உதிர்ந்த தோலைக்கூட அவள் மறந்துவிட்டாள். தனக்குத் தெரியாமல் மகளுக்குக் கொடுத்தானே, அந்த அருவருப்பு மட்டும் இன்னும் போகவில்லை.