சூடம் அணைத்தவள்

தட்டில் சூடம் எரிந்தது. கனிமொழி அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "பூவிழி போன இடம் எனக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பொய் சொல்லி அணைத்தால் எட்டு நாளைக்குள் மாரியம்மா சொன்னவள் கண்ணையோ வீட்டார் கண்ணையோ பறித்துக்கொள்வாள். ஊரில் யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை. கனிமொழியும்தான். பி.எஸ்சி. பரீட்சையில் கண்ணைப் படம் போட்டுப் பாகம் குறித்தவள். இங்கே நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

நேற்றுக் காலை அரூரில் திருவண்ணாமலை பஸ்ஸில் பூவிழியையும் மாதவராஜையும் ஏற்றிவிட்டதே அவள்தான். பூவிழி பெரியப்பா மகள். மாதவராஜ் காலனிப் பையன், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவர்கள் தங்கியிருக்கும் வீட்டின் சுவர் நிறம் வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

பூவிழியின் அண்ணன் சிவக்குமார் கோயில் வாசலில் கார் எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தான். பின்சீட்டில் கொடுவாள். அதற்கும் குங்குமம் வைத்திருந்தான். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காததுபோல நின்றார்கள்.

"என்னம்மிணி, காலேஜுல வாய் கிழியப் பேசுவியாமே. இங்க நாக்கு ஒட்டிக்கிச்சா?"

"நீ சும்மா இருடா" என்றார் பெரியப்பா. "கண்ணு, தெரிஞ்சா இப்பவே சொல்லிப்புடு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டோம்."

உன்னை மட்டும்.

அம்மனின் வெள்ளிக் கண்கள் அவளையே பார்த்தன. ஒவ்வொரு பரீட்சைக்கும் இந்தக் கண்களிடம்தான் வேண்டியிருக்கிறாள். நிஜத்தைச் சொன்னால் சாமிக்கு நல்லவள், பூவிழி பிணம்.

'என்னுதை எடுத்துக்கோ. எங்கம்மாளுதை விட்டுடு.'

அடித்தாள். தோல் பொசுங்கியது.

"எனக்குத் தெரியாதுங்க பெரிப்பா."

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வண்டிய நிறுத்துடா. சத்தியமே பண்ணிட்டா, அதுக்கு மேல என்ன?"

சிவக்குமார் முறைத்தான். ஆனாலும் சாவியைத் திருகினான்.

கோயிலைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் அம்மா தீர்த்தம்மாள் மகளின் கையை விரித்துப் பார்த்தாள். கொப்புளம்.

"பொய்யாடி?"

"ஆமாம்மா."

அம்மா நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு போயிருமேடி! திரும்பிப் போயி நெசத்தச் சொல்லு. ஆத்தா கால்ல வுழுந்து மன்னிப்புக் கேளு."

"போனாப் போவுது."

பயம் துளியும் குறையவில்லை. எட்டு நாள் இருக்கிறது. அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"எழுந்திரும்மா. அழுவாத. கோயிலுப் பக்கம் திரும்பாத, அவனுங்க பாக்கறானுங்க."