ஜன்னல் வழியாகக் கொடுத்த பிள்ளை

எழுபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. அரியலூரில் அக்கா மகளுக்குக் கல்யாணம். புருஷன் முந்தின நாளே போய்விட்டதால், குரும்பலூர்ச் செங்கமலம் கைக்குழந்தையோடு தனியாகக் கிளம்பி வந்திருந்தாள்.

பஸ் நிற்பதற்குள்ளேயே ஜன்னல்களில் துண்டுகளும் பைகளும் விழுந்தன. பிள்ளையோடு உள்ளே நுழைந்தால் நசுங்கிப்போகும். அவள் தயங்கி நிற்கையில் ஒரு ஜன்னலிலிருந்து இரண்டு கைகள் நீண்டன.

"புள்ளைய குடுத்துட்டு ஏறி வா தாயி."

எல்லோரும் செய்வதுதான். கொடுத்துவிட்டுப் படியைப் பார்த்து ஓடினாள். ஒரு கால்தான் வைத்திருப்பாள். டிரங்குப் பெட்டி தூக்கி வந்தவன் இடித்த இடியில் மண்ணில் விழுந்தாள். எழுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். பஸ் நகர்ந்தது.

"எம் புள்ள!" என்று கத்தியதாகத்தான் நினைத்தாள். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

தலைவிரிகோலமாய் ரோட்டில் ஓடியவளைப் பார்த்து லாரியை நிறுத்தினார் கருப்பண்ணன். சிமெண்ட் ஏற்ற அரியலூருக்குப் போகிறவர். அவள் கை காட்டிய பக்கத்தையும், முலைப்பால் நனைத்திருந்த ரவிக்கையையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏறும்மா. புடிச்சிரலாம்."

லாரி பறந்தது. "புள்ளைய யாருகிட்ட குடுத்த?" என்று கேட்டார்.

"ஒரு பொம்பளகிட்ட."

"ஆளு எப்புடி இருப்பா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். முகம் வரவில்லை. கிழவியா, சின்ன வயசா, கறுப்பா, சிவப்பா? பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள்தான் நினைவில் இருந்தன. முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

பேரளியில் பஸ்ஸைப் பிடித்தார்கள். செங்கமலம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்த ஜன்னலுக்குப் போனாள். அங்கே மீசைக்காரர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"கைப்புள்ளையோட இருந்துச்சே, அந்தப் பொம்பளையா?" என்றார் கண்டக்டர். "கவுல்பாளையத்துலயே எறங்கிருச்சேம்மா. அதோட புள்ளன்னுல்ல நெனச்சேன்!"

செங்கமலத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. கண்டக்டரின் வாய் அசைவது தெரிந்தது; என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. எதிரே வந்த பெரம்பலூர் பஸ்ஸை அவரே கை காட்டி நிறுத்தி அவளை ஏற்றிவிட்டார். கவுல்பாளையம் வந்தது. பஸ் நிற்கும் புளியமரத்தடியில் ஒருவரும் இல்லை. இறங்கி என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்ஸிலேயே கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

பெரம்பலூரில் இறங்கியபோது டைம் கீப்பர் அறை வாசலில் கூட்டம். நடுவில் பச்சை வளையல்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை பன்னைச் சப்பிக்கொண்டிருந்தது.

பொன்னாயி என்பது அவள் பேர். செங்கமலத்தைப் பார்த்ததும் படபடவென்று பொரிந்தாள். "யாரு புள்ளன்னு எத்தன தடவ கத்துனேன் தெரியுமா? அந்த நெரிசல்ல ஒருத்தன் காதுல உழுவல. அடுத்த ஸ்டாப்புலயே எறங்கி, எதிர்த்தாப்ல வந்த பஸ்ஸப் புடிச்சு ஓடியாறேன். அரியலூர் ஆஸ்பத்திரியில எம் மவ புள்ளைப்பேத்துக்குக் கெடக்குறா. நான் இங்கன குந்தியிருக்கேன்."

செங்கமலம் கையை நீட்டினாள். பொன்னாயி அவளை உட்காரவைத்துப் பிள்ளையை மடியில் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏண்டி, நான் வேற மாதிரி ஆளா இருந்திருந்தா?"

செங்கமலம் அவளையே வெறித்துப் பார்த்தாள். அம்மைத் தழும்பு விழுந்த அகலமான முகம். அடுத்த அரியலூர் பஸ் வந்ததும் பொன்னாயி முண்டியடித்து ஏறிப் போய்விட்டாள். எந்த ஊர் என்று கேட்க வேண்டுமென்பது செங்கமலத்துக்கு அப்புறம்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு இரண்டு பஸ் வந்து போயின. அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்ந்ததும், கல்யாணத்தை விட்டுவிட்டு, பிள்ளையை மாராப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு குரும்பலூருக்கு நடந்தே போனாள்.