நாற்பத்தொன்றாம் பக்கத்தின் பின்புறம்

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், "தேநீருக்கும் கலகலப்பான பேச்சுக்கும்" என்று அவளுக்கு நன்றி சொல்லியிருந்தான் கொக்கு. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அதை அவள் நூலகத்தில் நின்றபடியே படித்தாள். அந்த அறையில் தேநீர் போட்டவன்கூட அவன்தான். அவளுக்குத் தேநீர் போட வராது.

கொக்கு என்பது அவள் வைத்த பெயர். நீண்ட கழுத்து, ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டு நிற்கும் பழக்கம், அடுத்தவர் எழுதும் கரும்பலகையை இமைக்காமல் பார்க்கும் பார்வை. பெயர் வைத்தபோது இருவருமே சிரித்தார்கள். மீன் யார் என்று அவள் யோசிக்கவில்லை.

ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், ஒரே அறையில், முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். சுழலும் கருந்துளையைச் சுற்றி ஒரு ஸ்கேலார் புலம் என்ன ஆகும் என்பது அவள் கணக்கு. ஸ்கேலார் புலம் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அறையின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வெப்பநிலை இருப்பதைப்போல, வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். அவ்வளவுதான், திசை கிடையாது. கருந்துளை தன்னைச் சுற்றி எதையும் வைத்துக்கொள்ளாது, வந்ததை விழுங்கிவிட்டு மொட்டையாக நிற்கும் என்பது பொதுச் சார்பியலின் பழைய தீர்ப்பு. அவள் பிடித்தது அதற்கு ஒரு விலக்கு. துளை வேகமாகச் சுழன்றால், அந்தச் சுழற்சியையே தின்று, புலம் அதைச் சுற்றி மேகம்போல வளரலாம். எத்தனை வேகமாக வளரும்? அந்த ஓர் எண்ணுக்காகத்தான் மூன்று வருடம் உழைத்தாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, அவள் மூன்று மாதம் ஊருக்குப் போக நேர்ந்தது. மேசை இழுப்பறையின் சாவியைக் கொக்கிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது உள்ளே அவளுடைய கணக்கு நோட்டு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. முதுகு மட்டும் முறிந்திருந்தது, ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முறியுமே, அப்படி. அடுத்த மாதம் கட்டுரை வந்தது, அவன் பெயரில் மட்டும்.

நூலகத்தில் அவளுக்கு முதலில் வந்தது அழுகைதான். இரண்டாவது வரைபடத்தைப் பார்த்ததும் அது நின்றது. கோடு ஏறிப்போய் ஓரிடத்தில் சின்னதாக முண்டு தட்டியது. அந்த முண்டு அவளுக்குத் தெரிந்த முண்டு.

அவளுக்கு ஒரு பழக்கம். தாளின் முன்பக்கத்தில் மையால் கணக்கு. பின்பக்கத்தில் பென்சிலால் தனக்குத்தானே திட்டு. கருந்துளைக்குள் போன அலை திரும்பாது, அந்தத் துளையின் முதல் சட்டம் அது. ஆனால் கணக்கில் துளையின் விளிம்பு முடிவற்ற தூரத்துக்குத் தள்ளிப்போய்விடும். கணினி அதுவரை போகாது. எல்லாரும் விளிம்புக்குச் சற்று முன்பே எங்கேயாவது வெட்டி, அந்த வெட்டு வழியே அலையை உள்ளே போகவிடுவார்கள். ஊருக்குக் கிளம்பிய வாரம் அவள், புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும், வெட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுவரை வைத்திருந்தாள். வந்த அலையைத் திருப்பியடிக்கும் சுவர். கோட்டில் அந்த முண்டு வந்தது அதனால்தான். துளையின் மையத்திலிருந்து அளந்தால், விளிம்பைப்போல 1.07 மடங்கு தூரத்தில். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் முன்புறம் எண் மட்டும் இருந்தது. அது சும்மா வைத்த சுவர் என்பது பின்புறம் பென்சிலில் இருந்தது. கொக்கு முன்பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான். சுவரை வெட்டு என்று நினைத்திருக்கிறான்.

உலகம் மெச்சியது கருந்துளையின் மேகத்தை அல்ல, கண்ணாடிக்கு முன்னால் மேகம் போட்ட ஆட்டத்தை.

அப்போதே எழுதிப் போட்டிருக்கலாம். சுவரை எடுத்துவிட்டுப் போட்டால் மேகம் நானூறு மடங்கு மெதுவாகத்தான் வளர்ந்தது. அடுத்த வருடமே கணக்கை முடித்து, நாற்பது பக்கம் எழுதி, உறையில் போட்டு வைத்துவிட்டாள். அனுப்பவில்லை. இப்போது சறுக்கினால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். ஏறட்டும். விழுந்தால் எலும்பு மிஞ்சாத உயரத்துக்கு ஏறட்டும். நகரத்தின் மறுகோடியில் ஒரு கல்லூரியில் முதலாண்டுக்காரர்களுக்குக் கப்பியும் ஊசலும் நடத்திக்கொண்டே காத்திருந்தாள். அவனுக்குக் கிடைத்த ஒவ்வொரு பதக்கமும் அவளுக்கு ஊட்டமாக இருந்தது. வேறு விடை சொன்ன இரண்டு பேரை, கணினியில் நீங்கள் விரித்த கணக்கு வலை வெறும் சல்லடை என்று அவன் மேடையிலேயே மட்டம் தட்டியபோது, அந்த இருவருக்காக அவள் வருந்தவில்லை. அவனுக்கு இன்னும் ஒரு படி ஏறியது என்றுதான் எண்ணிக்கொண்டாள். தன்னைப் பற்றி அவள் தெரிந்துகொண்ட விஷயங்களில் அது ஒன்று.

இப்போது அவன் அதே நிறுவனத்துக்கு இயக்குநராக வரப்போகிறான். அதற்கு முன்னால் ஒரு பொது உரை, பிற்பகல் மூன்று மணிக்கு.

"இந்தப் புடவையா? துக்கம் விசாரிக்கப் போறவ மாதிரி இருக்கே," என்றாள் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். எதிரில் நிற்பவர் முகத்தை அளவெடுத்துக்கொண்டேதான் பேசுவாள்.

"துக்கம்தான். அவனுக்கு."

"ஒம்பது வருஷமா கறுவிக்கிட்டே இருக்கே. பிள்ளையைச் சுமந்தாக்கூடப் பத்து மாசத்துல இறக்கி வெச்சிடலாம்டி."

"இன்னைக்கு இறக்கிடறேன்."

"இறக்கிட்டு என்ன பண்ணுவே? அதை யோசிச்சியா?"

நோட்டைப் பையில் வைத்தாள். உறையையும் வைத்தாள்.

அரங்கில் இயக்குநர் தேர்வுக் குழு முன்வரிசையில் இருந்தது. தலைவர் கனத்த உடம்பும் பருத்தித் துண்டுமாக ஓரத்தில். அவள் நான்காம் வரிசையில், மடித்த காகிதத்தில் கேள்வியோடு உட்கார்ந்தாள். உங்கள் விளிம்பில் அலை உள்ளே போகிறதா, திரும்பி வருகிறதா? ஒரே வரி. ஒன்பது வருடம் சுண்டக் காய்ச்சிய வரி.

கொக்கின் தலை நரைத்திருந்தது. அரை மணி நேரம் பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அறிவியல்ல நேர்மைதான் முக்கியம். என்னோட பழைய முடிவுல ஒரு தவறு இருக்கு. எங்க குழுவே அதைக் கண்டுபிடிச்சிருக்கு. இதோ, இந்த மாணவி." முன்வரிசையில் ஒரு பெண் நெளிந்தாள். "விளிம்புல ஒரு சுவர் இருந்துட்டுது. எடுத்துட்டோம். வளர்ச்சி நானூறு மடங்கு குறைவு."

கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். தன் தவறைத் தானே சொல்ல எத்தனை பெரிய மனது வேண்டும் என்று பக்கத்து நாற்காலிக்காரர் அவளிடமே சொன்னார்.

அவளுடைய கேள்வியையும் எடுத்துக்கொண்டுவிட்டான். விடையையும். நாற்பது பக்கமும் மடியில் வெறும் எடையாகக் கிடந்தது. போய்விடலாம் என்றுதான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அப்போது திரையைப் பார்த்தாள். சிவப்புக் கோடு. சுவர் இருந்த இடம்: 1.07.

உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள்.

"அந்தச் சுவரை ஏன் 1.07ல வெச்சீங்க?"

குரலைக் கொக்கு இனம் கண்டுகொண்டான். கழுத்து ஒருமுறை அசைந்தது. பிறகு சிரித்தான். "நல்ல கேள்வி. அது சும்மா போட்ட எண் இல்ல. ஆறு மாசம், நூத்துக்கணக்கான இடத்துல வெச்சுப் பார்த்தேன். அங்கதான் கணக்கு நிலையா நின்னுது."

"நீங்களேவா?"

"தனியாத்தான். அப்ப எனக்குக் குழு ஏது?"

"1.08ல வெச்சா?"

"உடைஞ்சிடும்."

முன்வரிசைப் பெண் திரும்பினாள். "உடையலையே சார்," என்றாள், குழப்பத்தோடு. "போன வாரம் எல்லா இடத்துலயும் போட்டுப் பார்த்தேன். எங்க வெச்சாலும் ஓடுது."

நான்காம் வரிசையிலிருந்து அவள் நடந்துபோய் நோட்டைக் குழுத் தலைவரின் மடியில் வைத்தாள். "நாற்பத்தொன்னு. பின்பக்கம் பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பென்சில் எழுத்தை உரக்கவே படித்தார். "சுவர் சும்மா. ஓடுதான்னு பார்க்க. அடுத்த வாரம் எடுத்துடு, மறந்து தொலைக்காதே. 1.07 நம்ம பஸ்." தாள்களுக்கு நடுவிலிருந்து அடையாளத்துக்கு வைத்திருந்த பழைய பஸ் பாஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து அதையும் படித்தார். தடம் எண் 107. அவளுடைய படம். கட்டுரை வெளிவந்ததற்கு ஐந்து மாதம் முந்தைய தேதி.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் வந்தது.

"அது... அப்ப ரெண்டு பேரும் பேசிக்கிட்டதுதான்," என்றான் கொக்கு.

"தேநீர் குடிச்சிக்கிட்டேவா?" என்று கேட்டாள்.

அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வருடமாகப் படுக்கையில் புரண்டு புரண்டு அவள் வரைந்து பார்த்த முகம் அதுதான். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. அவன் விழுந்தது பிழையால்கூட இல்லை, கேட்டதும் கொடுத்த பொய்யால். அவள் அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள், கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிச் சொட்டுவரை.

வெளி வராந்தாவில் அந்த மாணவி ஓடி வந்தாள். "மேடம், சுவரை எடுத்த பிறகு உங்களுக்கு என்ன விடை வந்துது?"

உறையைப் பிரித்து, தாள்களை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். நான்கு இலக்கம்வரை ஒன்றாக இருந்தது. அந்தப் பெண் முதலில் மலர்ந்தாள். பிறகு மேலே இருந்த தேதியைப் பார்த்தாள்.

"எட்டு வருஷமா தெரியுமா?"

"தெரியும்."

"நான் ரெண்டு வருஷம் அந்தச் சுவர்ல முட்டிக்கிட்டிருந்தேன் மேடம். என் கணக்குதான் தப்புன்னு தினம் திட்டு வாங்கினேன். ஒரு மெயில் போட்டிருக்கலாமே."

அந்தப் பெண் நாற்பது பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள், திருப்பித் தரவும் தோன்றாமல், கேட்கவும் தோன்றாமல்.

"வெச்சுக்கோ," என்றாள் கடைசியில். "ஜெராக்ஸ் எடுத்தா ரெண்டு பக்கமும் எடு."

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அக்கா போனில் வந்தாள். "என்ன, இறக்கி வெச்சாச்சா?"

"ஆச்சு."

"மூஞ்சி எப்படி இருந்துது?"

சொன்னாள். கழுத்து, மேசை, சிரிப்பு, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல நாக்கில் இனித்தது. வருத்தம் வரும் என்று கொஞ்சம் காத்துப் பார்த்தாள். கொக்கின்மேல் வரவில்லை. அந்தப் பெண் தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்த கண்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன.

"சரி, 107லயே ஏறி வந்துடு," என்றாள் அக்கா.

"அதை நிறுத்தி ஆறு வருஷமாச்சு."

தோளில் பை லேசாக இருந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். நோட்டு தலைவரிடமே தங்கிவிட்டது. உறை அந்தப் பெண்ணிடம். வீட்டுச் சாவியும், கேள்வி எழுதிய காகிதமும்தான் இருந்தன. காகிதத்தை எடுத்து, மடிப்பு கலையாமல், இன்னும் சின்னதாக மடித்தாள்.