இல்லை அன்ரி

இருக்கை பின்னால் வந்து முழங்கால் மடிப்பில் இடித்ததும் கஜனியும் நிலக்சியும் ஒன்றாகக் குந்தினார்கள். கம்பியில் தொங்கி ஓடும் லிஃப்ட் இருவரையும் தூக்கிக்கொண்டு மலைக்கு மேலே கிளம்பியது. மைனஸ் இருபத்தாறு. ரொறன்ரோவில் புத்தியுள்ள சனமெல்லாம் போர்வைக்குள் கிடக்கும் சனிக்கிழமை. யூனியன்வில்லில் இருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓடி வந்து பனியில் சறுக்க இவர்களை விட்டால் பத்துப் பேர்கூட இல்லை. வீட்டில் இருந்தால் அம்மா அழுதுகொண்டே இருப்பார் என்று நிலக்சிதான் கூப்பிட்டாள். கஜனிக்கு மறுக்க முகமில்லை.

நிலக்சிக்குப் பேசிய கலியாணம் புதன்கிழமை குழம்பியிருந்தது. அபிஷனும் அவளும் நாலு மாதம் சந்தித்து, பிடித்து, மண்டபம் பார்க்கிற அளவுக்கு வந்திருந்தார்கள். சாதகமும் பொருந்தியிருந்தது. ஆனால் எங்கள் சனத்துக்குச் சாதகத்தோடு நிம்மதி வந்துவிடுமா? நாலு பேருக்குப் போன் போட்டு விசாரித்தால்தான் தூக்கம் வரும். அபிஷனின் தாய் குணவதி அன்ரி செவ்வாய்க்கிழமை, நிலக்சியின் சிநேகிதி என்று கஜனியைப் போனில் கூப்பிட்டார். படிப்பு, வேலை, குணம் எல்லாவற்றுக்கும் கஜனி வாய் நிறையச் சொன்னாள். பிறகு அன்ரி குரலைத் தணித்து, "பிள்ளை முன்னம் ஏதும் வருத்தம் கிருத்தமெண்டு ஆஸ்பத்திரியில கிடந்தவவோ?" என்று கேட்டார். "இல்லை அன்ரி" என்றுதான் கஜனி சொன்னாள். ஆனால் உடனே சொல்லவில்லை. அன்ரிக்குப் பதிலைவிட அந்தத் தாமதம்தான் கேட்டது. "சரி பிள்ளை, விளங்குது" என்று போனை வைத்துவிட்டார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், யூனிவர்சிற்றியில் படிக்கும்போது, நிலக்சி மூன்று கிழமை மனநோய் வார்ட்டில் இருந்தாள். பெற்றோரை விட்டால், அப்போது யூனிவர்சிற்றி விடுதியில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த கிளடிஸுக்கும் கஜனிக்கும்தான் அது தெரியும். அபிஷனுக்கு அவளே சொல்லியிருந்தாள். தன் அம்மாவுக்கு இது தெரியவேண்டாம் என்றவனும் அவன்தான், அம்மா இந்தக் கலியாணம் வேண்டாம் என்றதும் போனை எடுக்காதவனும் அவன்தான்.

பாதி வழியில் காற்று சுழன்றடித்து லிஃப்ட் நின்றது. காலுக்குக் கீழே முப்பது அடி வெறுமை. மூச்சு கழுத்துத் துணியில் பட்டு உறைந்தது. கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே கஜனிக்குத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னது கிளடிஸ்தான்டி," என்றாள் நிலக்சி. "வேற ஆர்? உன்ர நம்பரை நான்தான் குடுத்தனான், நீ சொல்லியிருக்க மாட்டாய். நாளைக்கு அவளின்ர சேர்ச்சுக்கே போய் எல்லாருக்கும் முன்னால கேக்கப்போறன்."

கஜனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி கிளடிஸின் தலையில் இறங்கிவிடும். ஒரு கணம் அதற்கு ஆசையாகவும் இருந்தது. அப்படி ஆசைப்பட்டதே பெரிய வெட்கமாக இருந்தது.

"கிளடிஸ் இல்லை. குணவதி அன்ரி என்னட்டக் கேட்டவ. நான் இல்லையெண்டுதான் சொன்னனான். சொல்ல முன்னம் கொஞ்சம் நிண்டிட்டன்."

நிலக்சி கொகிள்ஸ் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு செக்கன் இருக்கும்."

"ஏன்?"

"வார்ட்டில அவையள் லேஸை உருவி எடுத்த சப்பாத்தை நீ இழுத்து இழுத்து நடந்து வந்தது கண்ணுக்குள்ள வந்திட்டுது. சத்தியமா வேற ஒண்டுமில்லை."

நிலக்சியின் இமைமயிரில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. "நான் அதை மறந்திட்டன் கஜனி," என்றாள். "நீ இன்னும் வைச்சிருக்கிறாய்."

லிஃப்ட் குலுங்கி நகர்ந்தது. மேலே இறங்கியதும் நிலக்சி கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு புறப்பட்டாள். வளைவுக்கு வளைவு நின்று கஜனி விழுந்தாளா என்று திரும்பிப் பார்க்கிறவள், இன்றைக்கு ஓரிடத்திலும் நிற்கவில்லை. சிவப்பு ஜாக்கெட் மரங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகும் கஜனி அங்கேயே நின்று அழுதாள். அந்தக் குளிரில் அழுவதும் வலித்தது.

பிறகு தனியாக இறங்கினாள். லிஃப்டின் கம்பிக்குக் கீழே சரிவு செங்குத்தாகிற இடத்தில் கால் பிசகி விழுந்தாள். ஒரு காலின் ஸ்கீப் பலகை கழன்று தூரத்தில் போய்க் குத்தி நின்றது. எழும்ப மனமில்லாமல் மல்லாந்து கிடந்தபோது ஓர் இருக்கை மேலே வந்துகொண்டிருந்தது. கீழே போய்விட்டு மறுபடி ஏறி வந்த நிலக்சி அதன் நடுவில் தனியாக இருந்தாள். கஜனி கையைத் தூக்கினாள். இருக்கை அவளுக்கு நேர் மேலாகப் போனது. நிலக்சியின் ஸ்கீயில் ஒட்டியிருந்த பனிக்கட்டி ஒன்று கழன்று, கஜனியின் தோளுக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.