பல் என்ற எழுத்து

மாவைக் கயிறாகத் திரித்து, அதன் தலையை லேசாக வளைத்து, ஆணி செய்துகொண்டிருந்தார் பெரியவர். அப்போது மாடியிலிருந்து தரையைத் தடியால் தட்டும் சத்தம் கேட்டது. தம்பி கூப்பிடுகிறார். சாகக் கிடக்கிற மனுஷனின் தட்டல் மாதிரியா இருக்கிறது அது? நல்ல பசியோடு மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பவனின் தட்டல். அந்தத் தடியின் பாஷை இந்த ஒரு வாரத்தில் பெரியவருக்கு அத்துப்படியாகிவிட்டது. ஆச்சா, இன்னும் ஆகலையா என்று அது கேட்டது.

"வருது வருது. மாவுக்கு என்ன காலா முளைச்சிருக்கு?" என்று அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

முந்தின நாள்தான் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். படி இறங்கும்போது பெரியவரின் தோளில் கை வைத்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கையில் ஒட்டிய மாவைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார். நோயாளிக்கும் அது தெரியும். தெரிந்தும் அவருக்கு இருந்த கவலை வேறு.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் ரொட்டிக்கடை அது. கீழே கடையும் செங்கல் அடுப்பும், மேலே வீடு. தெருவில் எல்லாருக்கும் அவர்கள் பெரியவர், சின்னவர்தான். பெரியவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அடுப்பைக் கட்டிக்கொண்டவர். சின்னவருக்கு அழகான மனைவி, அதைவிட அழகான வாய். மாவு பிசைந்தபடியே கடைக்கு வருகிறவர்களிடம் ஊர்க்கதை எல்லாம் பேசிவிடுவார். பெரியவர் பேசாமல் அடுப்புக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படித்தான் அவர்கள் காலம் ஓடியது.

எபிரெயப் பைத்தியம் பிடித்தது சின்னவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது. பக்கத்துக் கட்டில்காரர் ஒரு படத்தைக் கொடுத்தாராம். அதில் பைபிளின் மூல பாஷையான எபிரெயத்தின் எழுத்துகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில், ஆதியில் அது எதன் படமாக இருந்தது என்று போட்டிருந்தது. மாடு, வீடு, ஒட்டகம், கதவு என்று போய்க்கொண்டே இருந்தது. சின்ன வயதிலிருந்து வேதம் வாசித்த மனுஷர், அன்றோடு வசனத்தை விட்டு எழுத்துக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டார். வீடு திரும்பிய அன்றே கடை நடுவில் நின்றுகொண்டு, பெத்லகேம் என்றால் ரொட்டி வீடு என்று அர்த்தம், ஆண்டவர் பிறந்த ஊருக்கே நம் கடைப் பேர்தான் வைத்திருக்கிறார்கள் என்று கத்தினார். சில்லறைக்காகக் காத்திருந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். கடை போர்டை மாற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் சின்னவர். போர்டில் ரொட்டிக்கடை என்றுதானே இருக்கிறது, அதையே எபிரெயத்தில் நினைத்துக்கொள் என்று பெரியவர் அதை முடித்துவைத்தார்.

அதற்குப் பிறகு மாவில் எழுத்து செய்து ரொட்டியின் மேல் ஒட்ட ஆரம்பித்தார். இயேசு என்ற பேர் எபிரெயத்தில் நாலே எழுத்துதான். யோத், ஷீன், வாவ், ஆயின். கை, பல், ஆணி, கண். முதல் ரொட்டியில் அவற்றை நம் எழுத்து மாதிரி இடமிருந்து வலமாக ஒட்டிவிட்டார். கோயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது போதகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எபிரெயம் வலமிருந்து இடமாகப் போகும் பாஷை. இரண்டாம் தடவை திசை சரியாக இருந்தது. ஆனால் ஈஸ்ட் போட்ட மாவாயிற்றே, அடுப்புக்குள் எழுத்தெல்லாம் உப்பி, கை எது கண் எது என்று தெரியாமல் நாலும் ஒன்றுபோல் குண்டாக வந்தன. "உன் கடவுள் நல்லாச் சாப்பிடுறவர்போல" என்று பெரியவர் கேலி செய்தார்.

கேலி செய்ய முடியாத விஷயம் ஒன்று இருந்தது. நாலு எழுத்தில் மூன்று சின்னவருக்குப் புரிந்துவிட்டது. கை, ஆணி, கண். கையில் ஆணி அடித்தார்கள், கண்ணால் பார்த்தோம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நடுவில் இந்தப் பல் எதற்கு? ஆண்டவர் பேருக்குள் போய் ஒரு பல்லுக்கு என்ன வேலை? அது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. போதகரைக் கேட்டார். அந்தப் பேருக்கு அர்த்தம் கர்த்தர் இரட்சிக்கிறார் என்பதுதான், எழுத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது பண்டிதர்கள் வழக்கம் இல்லை என்று போதகர் பொறுமையாகச் சொன்னார். அர்த்தம் தெரியும் ஐயா, இருந்தாலும் வீட்டுக்குள் வந்தவன் ஜன்னலையும் பார்ப்பான் இல்லையா என்றார் சின்னவர். போதகர் யோசித்துவிட்டு, பல் என்றால் கூர்மை, கூர்மையான வார்த்தை என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். சின்னவர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, அது இல்லை என்றார்.

முந்தின நாள் டாக்டர் போன பிறகு அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவர் கேட்டது இதைத்தான்.

"போய் அவர் முன்னாடி நிக்கணும்ல அண்ணே. உங்க பேர்ல முக்கால்வாசிதான் தெரியும்னு எப்படிச் சொல்றது?"

சாகப்போகிறவன் பிள்ளை குட்டி என்று அழுதால் தேற்றலாம், வலிக்கிறது என்றால் மாத்திரை கொடுக்கலாம், பல்லுக்கு எங்கே போவது? ராத்திரி முழுக்கப் பெரியவருக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை காலமும் தம்பிக்கு வேலையைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே கிடந்தார். காலையில் எழுந்ததும், தம்பி கேட்காமலேயே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்த ரொட்டியை இன்னொரு தடவை போட உட்கார்ந்துவிட்டார். ரொட்டிக்கு வழக்கமான மாவு, எழுத்துக்கு மட்டும் ஈஸ்ட் போடாத மாவு. உப்பாது, ஓரம் மழுங்காது, வெந்தால் முறுமுறுவென்று நிற்கும். அடுப்பைத் தெரிந்தவருக்கு அது ஒரு வித்தையே இல்லை. முன்பே செய்திருக்கலாம். கேலி செய்வதிலேயே காலம் போய்விட்டது.

ரொட்டி அடுப்புக்குள் இருந்தபோது பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் வந்தார். தினமும் காலையில் வருகிறவர்தான். சின்னவருக்குப் பல்செட் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அவரைப் பார்த்ததும் பெரியவருக்குத் தெய்வமே ஆளனுப்பியது போல இருந்தது. கல்லாவைத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், பல்லு எதுக்கு?"

"கடிக்கத்தான். வேற எதுக்கு?" என்றார் டாக்டர், கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று பார்த்தபடி. அழகுக்குத்தான் என்று சிலர் நினைக்கிறார்கள், அவர்களால்தான் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். பெரியவருக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு படித்தும் இதுதானா பதில் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவருக்கு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தார்.

மேலே தடி மறுபடி தட்டியது. இந்தத் தடவை கொஞ்சம் பலம் குறைவாக இருந்தது. பெரியவர் கடையை அப்படியே போட்டுவிட்டு, சூடு ஆறாத ரொட்டியைத் துணியில் ஏந்திக்கொண்டு படி ஏறினார்.

அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் அறையில்தான் சின்னவரின் கட்டில். தரையில் எப்போதும் கதகதப்பு இருக்கும் என்று அவரே கேட்டு அங்கே போட்டுக்கொண்டார். நேற்றிலிருந்து பார்வை மங்கி, வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். ரொட்டியின் வாசனை உள்ளே வந்ததும் அந்த எலும்புக்கூட்டு முகம் மலர்ந்தது. பெரியவர் ரொட்டியை மடியில் வைத்து, தம்பியின் விரலைப் பிடித்து வலது ஓரத்தில் வைத்தார்.

சின்னவர் தடவிப் பார்த்தார். கமா மாதிரி குட்டியாக யோத். முள்கரண்டி மாதிரி மூன்று கிளையோடு ஷீன். தலை வளைந்த வாவ். கவட்டை மாதிரி ஆயின். ஒன்றுகூட உப்பவில்லை. "அண்ணே, அப்படியே இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி மனைவியின் கையைப் பிடித்து அவளையும் தடவச் சொன்னார். பிறகு, எழுத்து இல்லாத ஓரத்தில் ஒரு துண்டு பிட்டுக் கொடுக்கும்படி கேட்டார்.

"வேண்டாம் அத்தான், விக்கிக்கும்" என்றாள் மனைவி பெரியவரிடம்.

பெரியவர் கொஞ்சமாகப் பிட்டுக் கொடுத்தார். சின்னவர் அதை வாயில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினார். பல்செட் தம்ளருக்குள் கிடந்தது. உடம்பு வற்றியதில் ஈறும் வற்றி, அது இப்போதெல்லாம் வாய்க்குள் நிற்பதில்லை. ஈறால் அழுத்திப் பார்த்தார். நாக்கால் நசுக்கிப் பார்த்தார். கடைசியில் அந்தத் துண்டு முழுசாக அண்ணனின் உள்ளங்கைக்கே திரும்பி வந்தது.

"முடியல அண்ணே. நீ குடுத்துட்டே. கடிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார்.

பெரியவர் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் ரொட்டி ஈரமாக, கடிபடாமல் கிடந்தது. அப்போதுதான் அது வந்தது. மெல்ல மெல்ல ஒன்றும் வரவில்லை. அடுப்புக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அனல் மாதிரி ஒரேயடியாக வந்தது. பல வருஷங்களாகத் தம்பியை டேய் போட்டுக் கூப்பிடாதவர் கூப்பிட்டார்.

"டேய். அது அவர் பல்லு இல்லடா."

"எது?"

"கை அவருது. ஆணி அவருக்கு அடிச்சது. பல்லு நம்மளோடது. அவர் ரொட்டியைக் குடுத்தா யாரு கடிக்கிறது? நாமதானே. நீ இத்தனை நாளும் அவர் வாய்க்குள்ளயே தேடிக்கிட்டு இருந்திருக்கே."

சின்னவர் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். மனைவி பதறிப்போய் முதுகைத் தாங்கினாள்.

"நாமளா? அவர் பேருக்குள்ளயா?"

"பின்னே? கைக்கும் ஆணிக்கும் நடுவுல."

அதற்குப் பிறகு அந்த அறையில் யார் நோயாளி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. சின்னவர் விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தொட்டார். மூச்சு வாங்கியது, வார்த்தை மட்டும் நிற்கவில்லை. எம்மாவு அண்ணே, எம்மாவு என்றார். பெரியவருக்கும் அந்தக் கதை தெரியும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் எம்மாவுக்குப் போகும் வழியில் இரண்டு சீஷர்களோடு கூடவே நடந்து போகிறார். அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்து அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் தெரிகிறது.

"கை பிட்டுக் குடுத்துது. இவங்க கடிச்சாங்க. கடிச்சுக்கிட்டே பாத்தா, குடுத்த கையில ஆணித் தழும்பு. அப்புறம்தான் கண்ணு திறந்துது. வரிசை மாறல அண்ணே. ஒண்ணுகூட மாறல."

பெரியவருக்கு, தன் ஆயுசில் போட்ட எந்த ரொட்டியும் இவ்வளவு சரியாக வெந்து வந்ததில்லை என்று தோன்றியது. தம்பியின் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். போதகருக்குப் போன் போடு, போடு என்று சின்னவர் அவளை விரட்டினார். அவள் போனில் தப்பும் தவறுமாகச் சொல்ல, பல்லை ஆணிக்குப் பின்னால் வைத்துவிட, சின்னவர் கட்டிலிலிருந்தே திருத்தினார். இதோ வருகிறேன் என்றார் போதகர். கீழே யாரோ கடையில் நின்று, ரொட்டி கிடைக்குமா இல்லையா என்று குரல் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு போங்கள் என்று பெரியவர் மாடியிலிருந்து கத்தினார். கடைத் தின்பண்டத்தை இப்படி அள்ளிக்கொண்டு போகச் சொன்னது அவர் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

சின்னவர் களைத்துச் சாய்ந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நீ சாப்பிடு அண்ணே" என்றார். "என்னால முடியாது. நீ கடி. நான் கேக்குறேன்."

பெரியவர் கட்டிலில் ஏறி, தம்பியின் காதுக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோய் உட்கார்ந்தார். முதலில் யோத்தைப் பிட்டுக் கடித்தார். ஈஸ்ட் போடாத மாவு, முறுக்கென்று உடைந்தது. சின்னவர் கண்ணை மூடிக்கொண்டு, கை என்றார். அடுத்தது ஷீன். அது பெரிய எழுத்து, மெல்ல நேரம் ஆனது. அதற்கு அவர் பேர் சொல்லவில்லை, அண்ணனின் முழங்காலில் விரலால் தட்டினார். பெரியவர் வாவை வாயில் போட்டார். அது உடைகிற சத்தத்துக்கு விரல் இன்னொரு தடவை, லேசாக, தட்டியது.

பெரியவர் ஆயினைக் கடித்தார்.

வாசலில் போதகரின் சைக்கிள் நிற்கும் சத்தமும், படியில் அவர் அவசரமாக ஏறிவரும் சத்தமும் கேட்டன. தம்பியின் மனைவி கையிலிருந்த ஈரத்துணியைக் கணவனின் உதட்டுக்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். போதகர் கதவருகே வந்து, என்னவோ சொல்ல வாயெடுத்து, அப்படியே நின்றார்.

பெரியவர் அந்தக் காதை விட்டு நகரவில்லை. வாயில் இருந்ததை நிதானமாக, நன்றாகக் கேட்கும்படி, மென்றுகொண்டிருந்தார்.