சீனியம்மாளின் வலது தோள்

தளவாயும் கனகவள்ளியும் பம்பாய் தாராவிக்கு வந்த மறுவருஷம் சீனியம்மாள் பிறந்தாள். தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொண்டது. மருத்துவச்சி தலையைப் பிடித்து இழுத்த இழுப்பில் கழுத்தோர நரம்புகள் பிய்ந்தன. பிள்ளை பிழைத்தாள். வலது கை மட்டும் துவண்டு கிடந்தது.

வளர வளரக் கைக்குக் கொஞ்சம் பலம் வந்தது. ஆனால் தோள் உள்பக்கமாகத் திரும்பி இறுகிவிட்டது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முழங்கையை இறக்கை மாதிரித் தூக்க வேண்டும். தெருப்பிள்ளைகள் அதைச் செய்து காட்டிச் சிரித்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தளவாய் மகளைத்தான் அடித்தான்.

"ஏட்டீ, கைய எறக்கித் தின்னு."

அவளுக்கு ஏழு வயதான அறுபத்து நாலாம் வருஷக் கோடையில் ஒரு ஞாயிறு மத்தியானம், தளவாய் சுளுக்கு எடுக்கும் குஸ்திக்காரன் பிச்சையைக் கூட்டி வந்தான். கனகவள்ளி குழாயடிக்குப் போயிருந்தாள்.

"வெலகுன மூட்டு. ஒரே இழுப்புல உள்ள போயிரும். நீரு ஆள அமுக்கிக்கிடும்" என்றான் பிச்சை.

தளவாய் மகளைத் தரையில் கிடத்தி, நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். பிச்சை அவள் அக்குளில் குதிகாலை வைத்து, மணிக்கட்டை வெளிப்பக்கமாக முறுக்கி இழுத்தான். கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. அவள் அலறல் சந்து முழுக்கப் போயிற்று.

ஓடி வந்த கனகவள்ளி நிறைகுடத்தைப் பிச்சையின் முகத்தில் எறிந்தாள். மூக்கு உடைந்து, ரத்தம் ஒழுக அவன் வெளியே ஓடினான். தளவாய் அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான்.

"எம் புள்ள கைய நேராக்குதேன். நீ யாருட்டீ குறுக்க?"

மறுபடியும் மோதினான். அவள் கைக்கு அம்மிக்குழவி அகப்பட்டது. அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். விழுந்தவனை அதே இடத்தில் மீண்டும் அடித்தாள். அடுத்த வீட்டு அக்தர் பானு வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"பஸ் கரோ, கனகா. போதும். புள்ளையத் தூக்கு."

ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். மேல்கை எலும்பு முறிந்திருந்தது.

"தசை ஒரே பக்கமா இழுத்து, தோள் பந்து குழிய விட்டுப் பின்னால நகர்ந்தே வளர்ந்திருக்கும்மா. முரட்டு இழுப்புக்குத் திரும்பாது. முறிவு கூடினப்புறம் ஆபரேஷன் பண்ணி எலும்பைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைக்கலாம். முழுசா நேராகாது. வாய்க்குக் கை எட்டும்."

சில வாரம் கழித்து, முறிவு கூடியதும், தளவாய் கம்பு ஊன்றி வார்டுக்கு வந்தான்.

"நல்லாக்கணும்னுதாம்ட்டீ செஞ்சேன்."

"பொறக்கையில ஒருத்தி இழுத்தா. இப்ப நீங்க இழுத்தீங்க" என்றாள் கனகவள்ளி. "இனி அவமேல ஒங்க கை படக்கூடாது."

அவன் ஆபரேஷன் தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆபரேஷன் முடிந்து, மாவுக்கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தபின், சீனியம்மாள் வலது கையால் சோறு அள்ளினாள். முழங்கை இன்னும் சற்று விலகித்தான் நின்றது. பாதிச் சோறு மடியில் சிந்தியது. மீதி வாய்க்குப் போயிற்று. தளவாய் சிந்தியதைப் பொறுக்கக் குனிந்தான். அவள் சட்டென்று தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீங்க தள்ளிப் போங்கப்பா."

அவன் எழுந்து வெளியே போனான். அவள் அடுத்த கவளத்தை அள்ளினாள்.