கூப்பிடும் வரை வராதே

பயப்படுவதில் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நல்ல பெயர் உண்டு. கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, நேர் எதிர். சைக்கிளில் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. நாய் துரத்தினால் மற்றவர்கள் வேகமாக மிதிப்பார்கள். இவர் இறங்கி நின்று நாயைத் திட்டுவார். "உன்னைப் படைக்கும்போது பயத்தை மட்டும் ஒரு கை கூடப் போட்டுட்டாங்கம்மா" என்று என்னைச் சொல்வார். நானும் சிரித்துவைப்பேன். உண்மையைச் சொன்னால் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அப்படிப்பட்ட என்னைப் பிடித்து மைதானத்தைக் காப்பாற்றும் கூட்டத்தில் சேர்த்தவரும் அவர்தான்.

எங்கள் தெரு எங்கள் வீட்டோடு முடிந்துவிடும். பின்னால் மைதானம். இந்தப் பக்கம் சாலை, அந்தப் பக்கம் வாய்க்கால், நடுவில் இரண்டு கோல் கம்பங்களும் நிறையப் புல்லும். ஊரில் மற்ற இடமெல்லாம் யாரோ ஒருவருடைய வயல், யாரோ ஒருவருடைய வேலி. பந்து உதைக்கவும், சைக்கிள் பழகவும், ஆட்டை அவிழ்த்துவிடவும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து அழவும் ஊருக்கு இருந்தது இது ஒன்றுதான். என் தையல் மெஷினைப் பின்பக்க ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். தலையை நிமிர்த்தினால் மைதானம் முழுக்கத் தெரியும். என் மகள் எந்த மூலையில் இருந்தாலும் தெரியும். அவளுக்கு நாலு வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவோம். கணவருக்கு வெளியூரில் வேலை. வீட்டில் நானும் அவளும்தான். அந்த ஜன்னல் இல்லாவிட்டால் நான் ஒரு சட்டைக்குக்கூடப் பட்டன் தைத்திருக்க மாட்டேன்.

ஒரு கம்பெனி அங்கே கிடங்கு கட்ட இடம் கேட்டது. ஊர் கூடிப்போய் ஆட்சேபம் சொன்னோம். அதிகாரி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஜனங்கள் புழங்குகிற இடமென்றால் ஊருக்கு. சும்மா கிடக்கிற இடமென்றால் கம்பெனிக்கு. கம்பெனிக்காரர்களுக்கு இது போதாதா? அவர் வருவதற்குள் ஒரு தடவை புல்டோசரை விட்டுக் கிளறிவிட்டால், அங்கே மனிதர்கள் நடமாடிய சுவடே இருக்காது.

"எல்லாரும் துணியை அங்க கொண்டுபோய்க் காயப்போடுங்க" என்றார் நாத்தனார். "ரோட்டுல போறவன் கண்ணுக்குத் தெரியணும், இது நம்ம இடம்னு. வண்டி வந்தா பஞ்சர் கடைக்காரர் விசில் அடிப்பார். வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வாங்க. ரோட்டோர வழியில கையைக் கோத்து நில்லுங்க. வாயைத் திறக்காதீங்க, கையை விடாதீங்க. அவ்வளவுதான்."

வாயைத் திறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. கம்பெனியின் ஆள் ஒருவன் உண்டு. மழை பெய்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான் என்பதால் கூலிங்கிளாஸ் என்று பெயர் வைத்திருந்தோம். முதல் தடவை சண்டை வந்தபோது நாங்கள் திட்டியதை மட்டும் போனில் படமெடுத்துக் கொண்டுபோய் போலீஸில் காட்டிவிட்டான்.

ஊரார் துணியெல்லாம் கொடியில் ஏறியும் அவ்வளவு பெரிய இடத்தில் எடுபடவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக அசிங்கமாகத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வெட்டிப்போட்ட துண்டுத் துணி, பழைய திரைச்சீலை, கிழிந்த படுக்கை விரிப்பு என்று வீடு வீடாக வாங்கி, ஒன்றோடொன்று மூட்டி, நீள நீளமாகத் தைத்தேன். மேல் விளிம்பை மடித்து உள்ளே கயிறு நுழைகிற மாதிரி அடித்தேன். ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரை ஒரே கயிறு, ஒரே துணி, மேலிருந்து தொங்கி முழங்கால் உயரத்தில் முடிகிற சுவர். முன்னால் போய் நிற்கத் தைரியம் இல்லாதவள் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. நாத்தனார் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ஊர் எல்லைக்கே பாவாடை தெச்சுட்டியே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னலிலிருந்து மைதானத்தின் பாதி இப்போது தெரியாது என்பது அந்தப் பெருமையில் மறந்துபோனது.

வாண்டுக்கு அந்தத் துணி பிடித்துப்போனது. நாள் முழுக்க அதற்குள் புகுந்து புகுந்து வந்தாள். மஞ்சள் செருப்பு மட்டும் கீழே தெரியும். தன்னை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் நான் தைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்தால் கூலிங்கிளாஸ். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அந்தத் துணியெல்லாம் நீங்க தெச்சதாமே. நல்லாருக்கு" என்றான்.

ஊசி கீழே இறங்கி அப்படியே நின்றது.

"அங்க விளையாடுறது உங்க பொண்ணா? சூட்டிகையா இருக்கு. பெரிய வண்டி வரப்போற இடம். பாத்து வெச்சுக்குங்க, என்ன?"

சிரித்துவிட்டுப் போய்விட்டான். மிரட்டவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. நான் மைதானத்துக்கு ஓடி வாண்டைத் தூக்கி வந்தேன். கதவைத் தாழ் போட்டேன், ஜன்னலைச் சாத்தினேன், போதாமல் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாத்தனாரிடம் சொன்னபோது, "அவன் சொல்றதே உன்னை மாதிரி ஆளுங்க பயப்படணும்னுதான்" என்றார். அவன் நினைத்தது நடந்துவிட்டதே, அதற்கு என்ன செய்ய?

அன்று ராத்திரி சோறு ஊட்டும்போது மகளுக்குப் பாடம் நடத்தினேன். "பெரிய வண்டி சத்தம் கேட்டா என்ன பண்ணணும்?"

"ஓடணும்."

"ஓடி ஒளிஞ்சுக்கணும். சத்தம் போடக் கூடாது. அம்மா கூப்பிடுற வரைக்கும் வெளிய வரக் கூடாது. சரியா?"

"யார் கூப்பிட்டாலும்?"

"யார் கூப்பிட்டாலும். அம்மா கூப்பிட்டா மட்டும்தான்."

கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

விசில் சத்தம் காலையில் கேட்டது. நான் ஒரு பாவாடைக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாண்டு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கட்டும், வீட்டுக்குள்தானே இருக்கிறாள் என்று கதவை வெறுமனே சாத்திவிட்டு ஓடினேன். கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோல். கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

சாலையில் கூலிங்கிளாஸின் ஜீப் நின்றது. அவன் இறங்கி எங்களைப் படமெடுக்கத் தொடங்கியிருந்தான். நாங்கள் வரிசையாக நின்று கையைக் கோத்துக்கொண்டோம். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையின் கடைசியில், கோல் கம்பத்தை ஒட்டி நின்றேன். ஒரு பக்கம் யாரும் இல்லாவிட்டால் ஓடுவதற்கு வசதி என்று என் புத்தி கணக்குப் போட்டிருந்தது. மறுபக்கம் நாத்தனார். அவர் உள்ளங்கையும் வியர்த்திருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

புல்டோசரைக் காணோம். ஜீப் மட்டும் நிற்கிறது. பிறகுதான் உறுமல் கேட்டது. முன்னால் இல்லை, முதுகுப் பக்கம். வாய்க்கால் கரை வழியாக வந்திருக்கிறார்கள்.

எல்லோரும் திரும்பினோம். என் துணிச் சுவர் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. சத்தம்தான் தரை வழியாகக் காலில் ஏறியது.

"யாரும் கலையாதீங்க" என்று நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நாம அங்க ஓடினா இங்க இன்னொரு வண்டியை விடுவான். துணி கிட்ட வந்தா நிறுத்திடுவான். நில்லுங்க."

நின்றோம். அப்போதுதான் நான் கீழே பார்த்தேன்.

துணி முடிகிற இடத்துக்கும் புல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில், நட்ட நடுவே, இரண்டு மஞ்சள் செருப்பு. அசையாமல் நின்றது. அதற்குப் பின்னால், அதே இடைவெளியில், மண்ணைச் சுருட்டிக்கொண்டு இரும்புத் தகடு வந்துகொண்டிருந்தது.

கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. காற்றுத்தான் வந்தது. நான் வாழ்நாள் முழுக்கப் பயந்தது இதற்கல்ல, ஆனால் இதுதான் கடைசியில் வந்து நின்றது. அவள் ஒளிந்திருக்கிறாள். நான் கூப்பிட்டால்தான் வருவாள். எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை.

கையை உதறினேன். "கையை விடாதே!" என்று நாத்தனார் கத்தியது கேட்டது. ஓடினால் எட்டாது, மைதானத்தில் பாதி தூரம். கம்பம் பக்கத்திலேயே இருந்தது. நான் கட்டிய முடிச்சு, அவிழ்க்கிற முடிச்சில்லை. இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை உருவி கயிற்றில் வைத்து அழுத்தினேன். முதல் அழுத்தலில் பாதிதான் அறுந்தது. இரண்டாவதற்கு என் விரலும் சேர்ந்து வெட்டுப்பட்டது. கயிறு விட்டது.

சுவர் மொத்தமும் சரிந்து விழுந்தது. மைதானம் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை திறந்துகொண்டது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அந்த மஞ்சள் யந்திரம், நடுவில் தரையோடு தரையாகத் துணி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் துணி விழவில்லை. ஒரு சின்னத் தலையின் மேல் நின்றது. தலையும் தோளும் கையும் துணிக்குள்ளேயே, இம்மி அசையாமல்.

டிரைவர் பார்த்துவிட்டார். வண்டி குலுங்கி நின்றது. தகடு கிளறிய மண் கொஞ்சம் உருண்டு அந்தத் துணியின் மேல் விழுந்தது. எஞ்சின் அணைந்தது.

நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. துணியை இழுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தூக்கி அணைத்தபோதுதான் கண்ணைத் திறந்தாள்.

"ஏன்டி இங்க வந்தே? ஏன்டி வெளிய வரல?" எனக்கு இப்போது குரல் வந்தது. இப்போது வந்து என்ன?

"நீ கூப்பிடவே இல்லையேம்மா" என்றாள்.

டிரைவர் இறங்கி வந்து, சக்கரப் பட்டையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கூலிங்கிளாஸ் ஓடி வந்து, "ஒண்ணும் ஆகலல்ல, வண்டியை எடுய்யா" என்றான். டிரைவர் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் கரையோடு நடந்து போய்விட்டார். நாத்தனார் வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். நாய்க்குப் பயப்படாதவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கையை விடாதேன்னு சொன்னேனே, பாவி" என்றார். "நல்லவேளை நீ கேக்கல."

சாவியில்லாத வண்டி அங்கேயே நின்றது. அதை எடுத்துப் போக ஆள் வருவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். வண்டி வந்த தடத்தையும், அது நின்ற இடத்தையும், அங்கே கிடந்த துணியையும் பார்த்தார். யாரையும் அதிகம் கேட்கவில்லை. மைதானம் ஊருக்குத்தான் என்று உத்தரவு வந்தது. பஞ்சர் கடைக்காரர் தெருவெல்லாம் விசில் ஊதிக்கொண்டு போனார். அந்தச் சத்தத்துக்கு நான் வாண்டைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் துணியை நான் மறுபடி கட்டவிடவில்லை. யாரும் கட்டச் சொல்லவுமில்லை. இப்போது நடுவில் ஒன்றும் கிடையாது. வாய்க்கால் வரை புல்தான். சாயங்காலம் மெஷினிலிருந்து நிமிர்ந்தால், மஞ்சள் செருப்பு எங்கே ஓடுகிறது என்று நன்றாகத் தெரிகிறது.

நன்றாகத் தெரிந்தாலும் எழுந்து பின்வாசலுக்குப் போகிறேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். தொண்டை கிழிய அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவள் திரும்பிக் கையை ஆட்டும்வரை நிறுத்துவதில்லை.